இதிலும் முந்திக்கொண்டாள்

கிளெண்டா ப்ரூயிட் தன் ராணுவ டிஸ்சார்ஜ் பேப்பரை என் மேஜையில் வைத்தபோது நான் அவள் நகங்களைத்தான் பார்த்தேன். அளவாக வெட்டி, வெளிர் சிவப்பு பூசியிருந்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது.

எரிச்சல் புதிதில்லை. முப்பத்தைந்து வருடமாக இவளைப் பார்த்து எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

தொண்ணூற்றொன்றில், வளைகுடாப் போரின்போது, இருவரும் ஒரே அமெரிக்கப் படைப்பிரிவில், சவூதிப் பாலைவனத்தில் ராணுவ லாரி ஓட்டினோம். அப்போது இவளுக்கு ஆண் பெயர். எனக்கு ஆறு மாதம் முன்னதாகவே சார்ஜென்ட் பட்டை வாங்கினாள். கான்சாஸுக்குத் திரும்பிய பிறகாவது விட்டாளா? முன்னாள் வீரர்கள் மன்றத்தின் சில்லிக் குழம்பு சமையல் போட்டியில் எட்டு முறை இவள் முதல், நான் இரண்டாவது.

இப்போது கோர்ட்டில் பெயரை மாற்றிக்கொண்டு, ராணுவப் பதிவிலும் மாற்ற வேண்டும் என்று வந்து நிற்கிறாள். மாவட்டப் படைவீரர் உதவி அலுவலகத்தில் அந்த மனுவை எழுதித் தருவது என் வேலை.

சுவரோரம் உட்கார்ந்திருந்த டெல்பர்ட், வியட்நாம் போருக்குப் போய் வந்தவர், தினமும் இங்கே வந்து உட்காருபவர், போன வருடம்வரை இவளைப் பற்றி அசிங்கமாக ஜோக் அடித்தவர். இன்று எழுந்து அவளுக்குக் காபி ஊற்றிக் கொடுக்கிறார்.

"சர்க்கரை ரெண்டு போட்டிருக்கேம்மா."

அம்மாவாம். இருபது வருடமாக என் காபியை நானே ஊற்றிக் குடிக்கிறேன்.

"நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் வச்சிருக்காங்க, ஸ்டோக்ஸ்" என்றாள் கிளெண்டா. "நான் போனா கவர்மென்ட்டு கல்லறைக் கல்லு வைப்பான். இந்தப் பேப்பர்ல என்ன பேரு இருக்கோ அதத்தான் வெட்டுவான். அந்தப் பழைய பேருக்குக் கீழ என்னால படுத்துக் கெடக்க முடியாதுடா."

ஸ்டோக்ஸ் என் குடும்பப் பெயர். பட்டாளத்தில் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரை யாரும் சீண்டுவதில்லை. பட்டாளத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

மனுவில் ஒரு கட்டம் தப்பானாலும் திரும்பி வந்துவிடும். மறுபடி ஆறு மாதம், எட்டு மாதம். அவள் நெஞ்சு அவ்வளவு நாள் தாங்குமா என்பது அவளுக்கே தெரியாது. எல்லாம் தெரிந்தும் நான் இழுத்தடித்தேன். பழைய லைசென்ஸ் கேட்டேன். புது லைசென்ஸ் கேட்டேன். தேவையே இல்லாத பிறப்புச் சான்றிதழையும் கேட்டேன்.

ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து வரிசையாக வைத்தாள். ஒரு தாள்கூடக் குறையவில்லை. அதற்கும் எரிந்தது.

கோர்ட் உத்தரவில் முத்திரை மேடிட்டு இருந்தது. கட்டைவிரலால் அதைத் தடவினேன். திரும்பவும் தடவினேன்.

"ஒரிஜினல்தான்டா. டூப்ளிகேட்டுனு நெனச்சியா?" என்றாள். "மூஞ்சியப் பாரு, சில்லியில தோத்த மாதிரி."

டெல்பர்ட் சத்தமாகச் சிரித்தார்.

படிவத்தை எடுத்தேன். கறுப்பு மை, பெரிய எழுத்து, குடும்பப் பெயர் முதலில், பிறகு ஒரு கமா, பிறகு சொந்தப் பெயர். பட்டாளத்தில் அடித்துப் பழக்கிய முறை, யோசிக்காமலே கை எழுதும். பணியில் இருந்தபோது என்ன பெயர் என்ற கட்டத்தில் அவளுடைய பழைய பெயரை எழுதினேன். எழுதும்போது கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

அடுத்த கட்டம், இனி இருக்க வேண்டிய பெயர்.

அந்த நேரம் பார்த்து அவள் கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்து உதட்டுச் சாயத்தைச் சரிசெய்தாள். பட்டப்பகலில், அரசு அலுவலகத்தில், டெல்பர்ட் கண்முன்னால், எவ்வளவு சாதாரணமாகச் செய்கிறாள்! அவளையே பார்த்தபடி எழுதி முடித்தேன். கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை அவள் பக்கம் திருப்பினேன்.

படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"ஸ்டோக்ஸ்" என்றாள், குரலைத் தாழ்த்தி. "கோரா யாரு?"

குனிந்து பார்த்தேன். இனி இருக்க வேண்டிய பெயர் என்ற கட்டத்தில், கறுப்பு மையில், பெரிய எழுத்தில், என் கை எழுதியிருந்தது.

ஸ்டோக்ஸ், கோரா.

எனக்கு நானே வைத்திருந்த அந்தப் பெண் பெயரை ஐம்பத்தெட்டு வயதுவரை நான் எங்கும் எழுதியதில்லை. குளிக்கும்போது, தண்ணீர் ஓடும் சத்தத்தில்கூட, வாய்விட்டுச் சொன்னதில்லை.

தாளைக் கசக்கப் போனேன். அவள் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"என்னம்மா, தப்பா எழுதிட்டானா?" என்றார் டெல்பர்ட்.

"இல்ல டெல்பர்ட். சரியாத்தான் எழுதியிருக்கு."

அந்தத் தாளை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். பிறகு எழுந்து மேஜையைச் சுற்றி என் பக்கம் வந்தாள்.

"எந்திரி. அந்தப் பக்கம் போய் உக்காரு. என் ஃபாரத்த நானே எழுதிக்கறேன். அப்புறம் பேர் மாத்த உனக்குக் கோர்ட்டு மனு எழுதணும். எப்படி எழுதறதுன்னு எனக்குத் தெரியும்."

தெரியாமல் இருக்குமா? எதில்தான் எனக்கு முந்திப் போகாமல் இருந்தாள்?

எழுந்து போய் மனுதாரர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதன் ஒரு கால் ஆடியது. இத்தனை வருடத்தில் யாருமே என்னிடம் சொல்லவில்லை.

தன் மனுவை ஐந்தே நிமிடத்தில் முடித்தாள். வெள்ளைத் தாள் ஒன்றை இழுத்து, முதல் வரியில் என் பெயரை எழுதி என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

என் பெயரைக்கூட என்னைவிட அவள்தான் அழகாக எழுதுகிறாள். பாழாய்ப்போனவள்.