மூன்று தட்டு, இரண்டு தட்டு

ஜப்பானின் மாயெபாஷியில் எங்கள் கார் பட்டறையின் சோதனை அறைக் கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். கத்தினாலும் கேட்காது. அதனால் உள்ளே இருப்பவர் கதவைத் தட்டுவார், ஆளுக்கொரு தட்டு. என்னுடையது மூன்று, பிறகு இரண்டு.

முன்னோர்களுக்கான ஓபோன் விடுமுறைக்காகப் பட்டறையை ஒரு வாரம் மூடுவதற்கு முந்தைய மாலை. ஒரிஹாரா தன் டர்போ காருக்கு எஞ்சின் தட்டலை, அதாவது உள்ளே எரிபொருள் முறைதவறி வெடிக்கும் சத்தத்தைக், கண்டுபிடிக்கும் கருவி வாங்க வந்திருந்தார். சோதனை அறையில் அவர் எஞ்சின் மேல் இரண்டு கருவிகளைப் பொருத்தி, வயர்களைச் சுவர்த் துளை வழியே வெளியே விட்டிருந்தேன். ஒன்றில் தட்டினால் விளக்கு எரியும். மற்றதில் ஹெட்ஃபோனில் கேட்கலாம்.

எஞ்சினை அணைத்தேன். கதவைத் தட்டி, முதலாளி திறந்ததும் வெளியே வந்தேன்.

"இன்னும் தட்டுதே," என்றார் ஹெட்ஃபோனை மாட்டியிருந்த ஒரிஹாரா. "மூணு. அப்புறம் ரெண்டு."

முதலாளி சுகேகாவா வாங்கிக் கேட்டார். "உன் தட்டுடா இது. நீ இங்க நிக்கற, உள்ள யாரு?"

"எஞ்சின் ஆறுற சத்தமா இருக்கும், முதலாளி."

மற்ற கருவியின் விளக்கு எரியவில்லை.

"எனக்கு விளக்கே போதும்," என்றார் ஒரிஹாரா. "அந்த ஹெட்ஃபோன் கருவியில இல்லாததெல்லாம் கேக்குது."

"சரி, அந்த ஹெட்ஃபோன் வயரைக் கழட்டிட்டு வா," என்றார் முதலாளி.

உள்ளே போனதும் கதவு சாத்திக்கொண்டது. ஸ்பானரை வெளியே மறந்திருந்தேன். கதவில் மூன்று தட்டினேன், பிறகு இரண்டு. யாரும் திறக்கவில்லை. எஞ்சின் மேலேயே தட்டினேன். மூன்று. இரண்டு.

வெளியிலிருந்து யாரோ ஹெட்ஃபோன் வயரை இழுத்தார்கள். அது எஞ்சினிலிருந்து பிடுங்கிக்கொண்டு, தரையில் ஊர்ந்து, துளைக்குள் போய் மறைந்தது.

பிறகு துளையில் தெரிந்த வெளிச்சம் அணைந்தது.