பெருவில் ஒரு பச்சைத் தையல்

பனியன் கம்பெனிப் பெண்களுக்கான ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஜெசிந்தா மிஸ் பெரு நாட்டுச் சந்தை ஒன்றின் படத்தைப் புரொஜெக்டரில் சுவர்மேல் காட்டி, இது எந்தக் கண்டம் என்று கேட்டார். வாரம் முழுக்க மெஷினில் உட்கார்ந்த நாற்பது பேரில் பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள். உலகப்படத்தில் இந்தியாவைக்கூடத் தேடித் திட்டு வாங்கும் மாராக்காள் மட்டும் எழுந்து சுவரருகே ஓடினாள். படத்தில் உருளைக்கிழங்கு விற்பவரின் மஞ்சள் டி-ஷர்ட் பாக்கெட்டில் ஒரு மூலை மட்டும் பச்சை நூலில் தைத்திருந்தது.

"மிஸ், இது நாந்தெச்சதுங்க! மஞ்ச நூலு தீந்துபோயி ரெண்டே ரெண்டு பீஸுக்குப் பச்சையில அடிச்சு உட்டனுங்க!"

"அன்னிக்கு செக்கிங் நாந்தானக்கா" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள் பின்பெஞ்சுத் திலகமணி.

பெஞ்சுகள் காலியாயின. எல்லோரும் சுவரை மொய்த்தார்கள். அவர்கள் முதுகிலும் கொண்டையிலும் சந்தை ஏறிக்கொண்டது. ஆளாளுக்கு அந்த மூலையைத் தொட்டுப் பார்த்தார்கள்.

"சரி, அடுத்த நாட்டுக்குப் போலாமா?" என்றார் மிஸ்.

மாராக்காள் இதுவரை பிரிக்காத அட்லஸை மடியில் விரித்தாள்.

"செத்த இருங்க மிஸ். இன்னொண்ணு எங்க போயிருக்கும்?"