ஜமாஅத்தின் ஆசைமானி

பதவிக்கு ஆசைப்படுபவருக்குப் பதவி தரக் கூடாது என்பது எங்கள் மார்க்க நெறி. அதனால் எங்கள் ஜமாஅத் அலுவலக வாசலில் ஆசைமானி வைத்தார்கள். தலைவராகும் ஆசை மனதில் இருந்தால் சிவப்பு விளக்கு எரியும்.

அபுதாஹிர் ஒரு மாதமாகக் கண்ணாடி முன் நின்று, "எனக்கு வேணாம்" என்று சொல்லிப் பழகியிருந்தார். தலைவர் தேர்வன்று அவருக்குச் சிவப்பு. வந்தவர்கள் எல்லாருக்கும் சிவப்பு. எனக்கும்தான், அதை விடுங்கள்.

அபுதாஹிர் வீட்டில் மறந்துவிட்டு வந்த பிரஷர் மாத்திரையைக் கொடுக்க வந்த மனைவி மைமூனுக்கு மட்டும் பச்சை எரிந்தது.

அபுதாஹிர் தொண்டையைச் செருமினார். "தலைவர்னா எதையும் மஷூரா செஞ்சுதான் முடிவெடுக்கணும். நாலு பேருகிட்ட கலந்து பேசுறது. தெரியும்ல?"

"எப்படித் தெரியும் மச்சான்?" என்றாள் மைமூன். "நம்ம வீட்டுல பாத்ததே இல்லையே."