எட்டுக்கு மேல்

“அந்தக் குச்சிய எங்கிட்ட குடுங்க மாஸ்டர்.”

ஆஸ்வால்டு மாஸ்டரிடம் அதை மட்டும் கேட்டுவிடாதே என்று பேண்டில் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். நான் பாட்டுக்காரி, பளபளக்கும் கவுனில் ஓரமாக நிற்க வேண்டியவள். முப்பது வருடமாக அவர் பேருக்கு ஹால் நிரம்பியது ஒரே காரியத்துக்காகத்தான். நடனம் சூடு பிடித்ததும், பேண்டை நடத்தும் அந்தக் குச்சியை இறக்குவார். பன்னிரண்டு வாத்தியமும் நின்றுவிடும், ஜோடிகள் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். மனதுக்குள் எட்டு எண்ணித் தூக்குவார், வாத்தியங்கள் அவர்கள் அடியோடு சரியாக வந்து சேரும். எட்டுக்கு மேல் அவரே துணிந்ததில்லை.

“வீட்டிலேயே மொத பட்டதாரி நீதான? எட்டு வரைக்கும் எண்ண வருமா?” என்று சிரித்தபடி கொடுத்தார்.

ஆட்டம் சூட்டில் இருந்தபோது இறக்கினேன், வாத்தியங்கள் நின்றன. எட்டு போனது, ஒன்பது போனது. முப்பது எண்ணியும் ஒரு கால் பிசகவில்லை. முறத்தில் அரிசி புடைப்பதைப்போல இருநூறு பாதங்கள் தரையில் உரசின.

“தூக்கும்மா, விழுந்துருவாங்க.” மாஸ்டர் குச்சிக்குக் கை நீட்டினார்.

யாரும் விழவில்லை. அவர் போட்டுவைத்த தாளம் அவர்கள் காலில் தானாக ஓடியது. எவ்வளவு ஆழத்தில் போட்டிருக்கிறார் என்று அந்த மனிதருக்கே தெரியவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. எரிச்சலாகவும் இருந்தது, அதில் ஓர் அடிகூட என்னுடையதில்லை.

குச்சியைத் தூக்காமலே அவர் கையில் வைத்தேன். இனி யார் குச்சிக்கும் பாடுவதில்லை என்று ஒன்பதிலேயே முடிவு செய்திருந்தேன். ஆடுகிறவர்களுக்கு நடுவே புகுந்து, அவர் தாளத்தில் என் கால் விழாமல் பார்த்துப் பார்த்து வைத்து, வாசலைத் தாண்டினேன்.