றெபரி தின்ற ரோல்ஸ்

"ட்ரேனர் மாமா, நீங்கள் கள்ளனோ?"

ஒஸ்லோ நகரின் குறொன்லாண்ட் பலசரக்குக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த சோதிலிங்கத்தின் ஜாக்கெட்டை இழுத்துக் கேட்டான் ஆறு வயதுக் கவிசன். வெண்டைக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட முறிக்காமல் நின்றார்கள்.

"ஆரப்பு சொன்னது?"

"அம்மா. ரெலிபோனிலை எல்லாருக்கும் சொன்னவா."

அரிசி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து அம்மா சிறிதேவி வெளிப்பட்டாள். வெட்கப்படுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவளுக்கு அதற்கு நேரமில்லை.

"ஓம், சொன்னனான். முகத்துக்கு நேரையும் சொல்லுவன். றெபரிக்கு ரோல்ஸ் குடுத்து மாட்ச் வெல்லுற ட்ரேனரை உலகத்திலை ஆரும் கண்டிருக்கிறியளோ?"

சென்ற மாதம் நடந்த கதை அது. தமிழ்ப் பெண்கள் அணியின் உதைபந்தாட்டத்தில், இடைவேளை முடிந்து நடுவர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். கையில் பாதி மட்டன் ரோல் இருந்தது. சற்று நேரத்தில் தமிழ் அணிக்கு ஒரு பெனால்டி கொடுத்தார். அதைச் சிறிதேவியின் மூத்த மகள் டிலக்சி கோலாக்க, அணி வென்றது. எதிரணியினர் லஞ்சம் என்று முறைப்பாடு செய்தார்கள். விசாரணையில் பயிற்சியாளர் சோதிலிங்கம், "நான்தான் குடுத்தனுப்பினனான்" என்று ஒரே வரியில் ஒப்புக்கொண்டார். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று ரோலின் படத்தைப் பெரிதாகப் போட்டது, கீழே சமையல் குறிப்போடு.

அதுவரை ஊர் சிரித்தது. பிறகுதான் விளையாட்டுக் கல்லூரியிலிருந்து செய்தி வந்தது. அணி அணியாகப் போய்த் திறமையான பிள்ளைகளைத் தெரிவுசெய்பவர்கள் அவர்கள். சோதிலிங்கம் பயிற்சியாளராக இருக்கும்வரை இந்த அணிப் பக்கமே வரமாட்டார்களாம். டிலக்சியோ அந்தக் கல்லூரியை நினைத்துத்தான் பனியிலும் ஓடிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை சாப்பிடுறாளில்லை, தம்பி." சிறிதேவியின் குரல் இறங்கியது. "அவள் என்ன பிழை செய்தவள்?"

"அவள் ஒரு பிழையும் செய்யேல்லை, அக்கா."

"அப்ப நீங்கள் ஏன் குடுத்தனீங்கள்?"

சோதிலிங்கம் கையிலிருந்த முருங்கைக்காயைப் பார்த்தார். "குளிருக்கை நிண்டவர். பசிச்சிருக்கும்."

"பசிச்சால் அந்தாளின்ரை பெண்சாதி பாப்பா. உங்களுக்கென்ன?"

கடைக்காரர் அருட்செல்வம் கல்லாவிலிருந்து தலையை நீட்டினார். "எனக்கு ஒரு சந்தேகம், அண்ணை. ரெண்டு மூண்டு ரோல்ஸுக்கே பெனால்டி எண்டால், கொத்து ரொட்டி குடுத்திருந்தால் கப்பையே வீட்டை கொண்டுவந்து தந்திருப்பாரோ?"

கடையே சிரித்தது. சோதிலிங்கமும் சிரித்தார்.

"ஒரு விதத்திலை நல்லதுதான், அக்கா," என்று அருட்செல்வம் சிறிதேவியைத் தேற்றினார். "தாய் தேப்பன் ஆரும் குடுத்திருந்தால் பிள்ளைக்கெல்லோ ஒரு வருசம் தடையாம். இது ட்ரேனரோடை போச்சு."

"எந்த விசர்த் தாய் றெபரிக்கு ரோல்ஸ் குடுப்பாள்?" என்றாள் சிறிதேவி.

சோதிலிங்கம் முருங்கைக்காயைத் திரும்ப வைத்தார். "நான் விலகிறன், அக்கா. இண்டைக்கே சொல்லிவிடுறன். பிறகு அவை வருவினம். டிலக்சியைச் சாப்பிடச் சொல்லுங்கோ."

இத்தனை சுலபமாகச் சொல்வார் என்று யாரும் நினைக்கவில்லை. பஸ் ஓட்டிக் களைத்து வந்தபிறகும் அந்தப் பிள்ளைகளோடு மைதானத்தில் நின்ற மனிதர். பிள்ளை குட்டி இல்லாத அவருக்கு வேறு பொழுதும் இல்லை. மிச்சம் வைத்திருந்த ஏச்சுகளை என்ன செய்வதென்று தெரியாமல் சிறிதேவி வெங்காயம் நிறுக்கப் போனாள்.

பனி கரைந்ததும் கல்லூரிக்காரர்கள் வந்தார்கள். டிலக்சியைப் பார்த்தார்கள், எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை ட்வெய்ட்டா கடைத்தொகுதி வாசலில் சோதிலிங்கத்தைக் கண்டதும் சிறிதேவி ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி, டிலக்சியை எடுத்திட்டினம்."

"கேள்விப்பட்டனான், அக்கா. சந்தோசம்." மைதான வேலிக்கு வெளியே நின்று தெரிவு முழுவதையும் பார்த்ததை அவர் சொல்லவில்லை.

"நான் பேசினதை மனசிலை வச்சிருக்காதேங்கோ. நீங்கள் செய்தது பிழைதான். எண்டாலும் நான் உங்களை மன்னிச்சிட்டன்."

"பெரிய மனசு, அக்கா."

"உங்களுக்கு மட்டும் ஒண்டு சொல்லுறன்." அவள் குரலைத் தணித்தாள். "இது நான் செய்த புண்ணியம். அந்த வில்லங்கம் பிடிச்ச மாட்ச் அண்டைக்கு, மகள் விளையாடுறதைப் பாக்க எனக்கு நெஞ்சு படபடக்கும் எண்டு உடுப்பு மாத்துற அறைக்குப் பின்னாலை நிண்டனான். அங்கை ஒரு வெள்ளைக்காரப் பெடியன் கறுப்புக் காற்சட்டையோடை நடுங்கிக்கொண்டு நிண்டான். கார் நிப்பாட்டுற இடத்திலை வேலையாக்கும், கழுத்திலை விசிலும் கிடந்தது. கொண்டுபோன சாப்பாட்டை அப்பிடியே அவன்ரை கையிலை திணிச்சிட்டு வந்திட்டன். ஆருக்கும் சொல்லேல்லை. அந்தப் பெடியன்ரை வயிறு குளிர்ந்ததுதான், தம்பி, என்ரை பிள்ளைக்கு இடம் கிடைச்சது."

"ஓம், அக்கா," என்றார் சோதிலிங்கம். "கடவுள் பாத்துக்கொண்டுதான் இருந்திருப்பார்." அன்றைக்கு அந்த அறையின் ஜன்னலால் அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

எண்பத்தேழாம் ஆண்டு குளிர்காலத்தில், ஒஸ்லோ ரயில் நிலையத்தில், பாஷையும் தெரியாமல் பசியோடு நடுங்கி நின்ற ஒரு பெடியனின் கையிலும் அவள் தன் புட்டுப் பொட்டலத்தை இப்படித்தான் திணித்துவிட்டுப் போயிருந்தாள். அந்த முகம் அவளுக்கு நினைவில்லை, அது தன் முகம்தான் என்று ஞாபகப்படுத்த சோதிலிங்கம் ஒருநாளும் முயன்றதுமில்லை.