மீன்காரர் வரும் சத்தம்

என் இரண்டு கண்கள்மேல் ஆணை, இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கடலோர ஊரான பராஹோனாவில் உச்சி வெயில். நெரெய்தாவின் பட்டறைச் சுவரில் பதினோரு சைலன்சர்கள் கண் கூசும்படி மின்னுகின்றன. மீன்காரர் எவாரிஸ்தோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். இந்த ஊர்ப் பெண்கள் மீன்காரரைச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுகொண்டு தட்டோடு வாசலுக்கு வருவார்கள். அவர் ஸ்கூட்டரை மாற்றிய நாளிலிருந்து ஒருத்தியும் வருவதில்லை. மூன்று வாரமாகப் பெட்டி நிறைய மீன் அப்படியே வீடு திரும்புகிறது.

"சவப்பெட்டி வாங்க வந்தவரு மாதிரி நிக்காதீங்கண்ணே, ஒண்ணத் தொட்டுப் பாருங்க" என்கிறாள் நெரெய்தா. ஒன்றை அவர் ஸ்கூட்டரில் மாட்டி ஆக்சிலேட்டரை முறுக்குகிறாள். "ஐயோ, இது பாதிரியார் வண்டிச் சத்தம்" என்கிறார் எவாரிஸ்தோ. "பாவமன்னிப்புக்கு வரிசை கட்டிருவாளுங்க." அடுத்ததை மாட்டுகிறாள். "இது போலீசு. கதவச் சாத்திக்குவாளுங்க, தாயி. எனக்குக் கத்துறது வேணாம், கூப்பிடணும்."

மூலையில் கிடந்த, துருப்பிடித்த குட்டைக் குழாயை அவள் மாட்டுகிறாள். முறுக்குகிறாள். சத்தம் மெல்ல எழுந்து தெருவெங்கும் தேன்போலப் பரவுகிறது. பாதாம் மரத்தடியில் டோமினோ ஆடுகிறவர்கள் ஓங்கிய கையை இறக்க மறந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கடல் ஒரு அலையைத் தவறவிடுகிறது. ஐஸ் பெட்டிக்குள் செத்த சங்கரா மீன் ஒன்று வாலை அசைக்கிறது. தெருக்கோடிவரை கதவுகள் திறக்க, தட்டோடு பெண்கள் வருகிறார்கள். எவாரிஸ்தோ தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார்.

அவருடைய ஸ்கூட்டர் பேட்டரியில் ஓடுவது.