கணவரின் பெயர்

மெல்பர்ன், 1974. குடிவரவு அலுவலகம்.

"உங்கள் கணவரின் பெயர்?" என்று கேட்டார் அதிகாரி.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அவர் வெளியில் உட்கார்ந்திருக்கிறார்."

"பெயரைக் கேட்டேன்."

"அவரையே கேளுங்கள்."

அதிகாரி ஃபைலை மூடினார். "கல்யாணமாகி மூன்று வருஷம், புருஷன் பெயர் சொல்லத் தெரியவில்லை. இது விசாவுக்காகச் செய்த கல்யாணம் என்றுதான் எழுத வேண்டியிருக்கும்."

கணவனை உள்ளே அழைத்து விஷயத்தைச் சொன்னார். தில்லைநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சேர், எங்கட யாழ்ப்பாணத்தில மனுசிமார் புருசன்ர பேரைச் சொல்லமாட்டினம். அதுதான்."

"அது உங்கள் ஊர் வழக்கம், மிஸ்டர் தில்லைநாதன். விசா கேட்பதும் நீங்கள்தான். உங்கள் மனைவி டப்ளினில் பிறந்த ஐரிஷ் பெண்ணாயிற்றே!"

தில்லைநாதன் மனைவியின் பக்கம் திரும்பினான். "பிரிஜிட், ஒருக்காச் சொல்லுமன். விசா கிடைக்காமப் போயிடும்."

பிரிஜிட் நீலக் கண்களைத் துடைத்துக்கொண்டு, தமிழிலேயே சொன்னாள்.

"ஏலாது. பேரைச் சொன்னா உங்கட ஆயுசு குறையுமெண்டு மாமி சொன்னவ. விசா இல்லாட்டி ரெண்டு பேரும் யாழ்ப்பாணத்துக்கே போவம். நீங்கள் இல்லாட்டி நான் எங்க போறது?"